அசோகமித்திரனை முகவரிப்படி படிக்கலாம்

கேள்வி இது: "அசோகமித்திரன் புத்தகங்களை விசாரித்தால் ஒருவர் சரித்திர நாவல் என்கிறார், இன்னொருவர் சினிமா நாவல் என்கிறார், மூன்றாமவர் சென்னையைப் பற்றிய கட்டுரைகள் என்கிறார். ஆங்கிலத்திலும் ஏதோ எழுதியிருக்கிறாராம். எதில் தொடங்குவது? இத்தனை வகையில் எழுதியவருக்குத் தன் வேலை இதுதான் என்று ஒன்று இருந்ததா?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும்.

மேற்கு மாம்பலத்தில் பதினான்கு வருஷம் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் லைப்ரரி நடத்தியவன் நான். ஒரே அறை. சரித்திரம், நாவல், பொது என்று மூன்று தட்டு. வார இதழ்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பேன். '18வது அட்சக்கோடு' வந்தபோது அதை எந்தத் தட்டில் வைப்பது என்று யோசித்துவிட்டு, ஹைதராபாத் நிஜாம் விவகாரம்தானே என்று சரித்திரத்தில் வைத்தேன். சரித்திர நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்றிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அதை எடுத்துப் போனார். மறுநாள் காலையே திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "என்ன சார் இது, ராஜாவும் இல்ல ராணியும் இல்ல. ஒரு பையன் சைக்கிள் ஓட்டிக்கிட்டே இருக்கான்" என்றார். வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. அன்றே அதை நாவல் தட்டுக்கு மாற்றினேன். அங்கேயும் ரொம்ப நாள் சும்மாவே இருந்தது.

ஆனால் அவர் சொன்னது ஒரு விதத்தில் மிகச் சரியான விமரிசனம். அசோகமித்திரனிடம் எப்போதும் ஒரு பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருப்பான். அல்லது ஒரு பெண் குடத்தை வைத்துக்கொண்டு பம்ப் அடித்துக்கொண்டிருப்பாள், ஒரு குமாஸ்தா செய்தித்தாளைக் கத்தரித்துக்கொண்டிருப்பார். அவர்களைத் தாண்டி ஒரு அரசாங்கம் விழும், ஒரு ஸ்டூடியோ மூடும், ஒரு ஊர் வறண்டுபோகும். அந்த ஆளுக்கு அன்றைக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று கையில் இருக்கும், அதை அவரால் விட முடியாது. நாவல், சிறுகதை, கட்டுரை எதை எடுத்தாலும் இந்த மனிதர்கள்தான் வருகிறார்கள். அதனால் அவரை வகைப்படி படிக்காதீர்கள். அவர் குடியிருந்த முகவரிப்படி படியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முகவரிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. 1931இல் செகந்திராபாதில் பிறந்தார். இயற்பெயர் தியாகராஜன். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். அப்பா இறந்தபின் 1952இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஜெமினி ஸ்டூடியோ. 1966இல் அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்து. வீடு தியாகராய நகரில். நடுவில் 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரில் சில மாதங்கள், கடைசிக் காலத்தில் வேளச்சேரி. 2017 மார்ச்சில் காலமானார். செகந்திராபாத், ஜெமினி, தி.நகர். இந்த மூன்று இடங்களிலிருந்து வந்தவைதான் அவருடைய புத்தகங்களில் பெரும்பாலானவை.

செகந்திராபாதிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக்காரர்களுக்கு ஹைதராபாத், செகந்திராபாத் இரண்டும் ஒன்று. அன்றைக்கு அப்படி இல்லை. நடுவில் ஹுசேன் சாகர் ஏரி. ஒரு பக்கம் நிஜாமின் தலைநகரம், மறுபக்கம் வெள்ளைக்காரர்களின் பட்டாளம் தங்கிய ஊர். பட்டாளம், ரயில்வே இரண்டையும் ஒட்டி ஆங்கிலோ-இந்தியர்கள், தமிழர்கள், தெலுங்கர்கள், உருது பேசும் முஸ்லிம்கள் என்று எல்லாரும் கலந்து குடியிருந்தார்கள். பழைய குதிரைப்படைக் குடியிருப்பு ஒன்று ரயில்வே ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் ஆகியிருந்தது. லான்சர் பாரக்ஸ். இந்தப் பெயர் அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும். ஆர்.கே. நாராயணுக்கு மால்குடி என்றால் இவருக்கு லான்சர் பாரக்ஸ். வித்தியாசம், இது நிஜமாகவே இருந்த இடம்.

'18வது அட்சக்கோடு' 1977இல் வந்தது. கதை நடப்பது 1947, 48இல். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தாயிற்று, ஹைதராபாதை ஆண்ட நிஜாம் சேரமாட்டேன் என்கிறார். 1947 நவம்பரில் இருப்பது இருந்தபடி ஒரு வருஷம் இருக்கட்டும் என்று ஒப்பந்தம். நிஜாம் பக்கம் நின்ற ஆயுதத் தொண்டர் படையான காசிம் ரஸ்வியின் ரஜாக்கார்கள் தெருவில் அணிவகுக்கிறார்கள். 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை உள்ளே நுழைகிறது, 17ஆம் தேதி நிஜாம் பணிகிறார். 'போலீஸ் நடவடிக்கை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பீரங்கி வண்டிகளோடு போனதற்குப் போலீஸ் என்று பெயர்!

இவ்வளவையும் தெரிந்துகொள்ள நாவல் வேண்டாம், பாடப் புத்தகம் போதும். நாவலில் இருப்பவன் சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவன். அவனுக்குக் கிரிக்கெட் முக்கியம். எந்த டீமில் இடம் கிடைக்கும், யார் பந்து எப்படித் திரும்பும், சைக்கிளில் காற்று இருக்கிறதா என்பதெல்லாம் அவனுடைய கவலை. பக்கத்து முஸ்லிம் குடும்பத்தோடு இருந்த பழக்கம் மெல்ல முறுகுகிறது. ஏன் முறுகியது என்று அவனால் ஒரு தேதியைச் சொல்ல முடியாது. கூட விளையாடியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். காந்தி சுடப்பட்ட செய்தி வருகிறது. அப்போதும் அவன் தெருவில்தான் இருக்கிறான், எங்கே போவது என்று தெரியாமல் நடக்கிறான்.

எழுதும் முறையில் ஒரு வேலை செய்திருக்கிறார். சில இடங்களில் 'நான்' என்று போகும், சில இடங்களில் 'சந்திரசேகரன்' என்று படர்க்கையில் போகும். முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழையோ என்றுகூட எனக்குத் தோன்றியது. இரண்டாம் தடவைதான் பிடிபட்டது. தனக்கே நடந்ததாக அவன் உணரும் இடங்களும், தன்னை யாரோ போல நின்று பார்க்கும் இடங்களும் வேறுவேறு. கலவரத்தின் நடுவில் இருந்து மீண்ட யாரிடமாவது பேசிப் பாருங்கள், அவர்களும் இப்படித்தான் மாறி மாறிச் சொல்வார்கள்.

முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது, மன்னிக்கவும். படை நுழைந்துவிட்டது, இப்போது அடி வாங்குவது மறுதரப்பு. கலவரத்தில் ஓடும் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் ஒண்டிக்கொண்டு இருக்கிறது. அவன் தங்களைத் தாக்க வந்தவன் என்று நினைக்கிறார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண் முன்னால் வந்து, மற்றவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் உடையைக் கழற்றுகிறாள். அவன் ஓடுகிறான். இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த பையன் அவன். இப்போது இன்னொருத்தி அவனைப் பார்த்துப் பயப்படுகிறாள், அதுவும் இந்த அளவுக்கு. அவ்வளவுதான் நாவல். இதை எழுதும்போது அவர் ஒரு விசேஷணம்கூடக் கூடுதலாகப் போடவில்லை.

இங்கே சரித்திரம் என்ன சொல்கிறது? படை நடவடிக்கைக்குப் பின் நடந்த கொலைகளை விசாரிக்க நேரு அரசாங்கம் பண்டிட் சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. குறைந்தபட்சம் 27,000 முதல் 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று அந்தக் குழு கணக்குச் சொன்னது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவே இல்லை. ஆனால் 1977இல், நூற்றைம்பது இருநூறு பக்கத் தமிழ் நாவல் ஒன்றின் கடைசி அத்தியாயத்தில், அந்தக் கணக்கின் ஒரு வீடு வந்துவிட்டது. நான் அதைச் சரித்திரத் தட்டில் வைத்தது பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அதே ஊரை வைத்து எழுதிய சிறுகதைகளையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1996இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது வாங்கித் தந்த 'அப்பாவின் சிநேகிதர்' தொகுப்பு அந்த வகை. அப்பா போய்விட்டார், அப்பாவின் முஸ்லிம் நண்பர் இருக்கிறார், நடுவில் அந்த 1948. நாவலில் கூட்டமாக வந்தவர்கள் இங்கே ஒவ்வொருவராக நம் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

அடுத்த முகவரி, ஜெமினி. இன்றைக்கு அண்ணா மேம்பாலம் என்று பலகையில் இருந்தாலும் கண்டக்டர் 'ஜெமினி' என்றுதான் விசில் கொடுக்கிறார். அந்த ஸ்டூடியோவில் எஸ்.எஸ். வாசன் முதலாளி. 'சந்திரலேகா' 1948இல் வெளிவந்து நாடு முழுக்க ஓடியது. அங்கே ஹைதராபாதில் சந்திரசேகரன் பந்து வீசிக்கொண்டிருந்த அதே வருஷம். அசோகமித்திரன் நான்கு வருஷம் கழித்து அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்டூடியோ இன்னும் பெரிய சாம்ராஜ்யம்தான். அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்துப் பொருள்வாரியாகக் கோப்பில் போடுவது. நாள் முழுக்க ஒருவன் உட்கார்ந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? வெட்டி என்றுதான் நினைத்தார்கள். ஆகவே ஆளுக்கு ஆள் அவர் அறைக்கு வந்து தங்கள் குறையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் அமையாது.

இந்த நாட்களை அவர் ஆங்கிலத்தில் எழுதியதுதான் 'மை இயர்ஸ் வித் பாஸ்'. அதில் ஒரு பகுதி 'பொயட்ஸ் அண்ட் பேன்கேக்ஸ்' என்று பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி ஆங்கிலப் பாடத்தில் இருக்கிறது. வட இந்தியாவில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அசோகமித்திரன் என்றால் அந்தப் பாடம் மட்டும்தான். தமிழில் அவர் பெயரைக் கேட்டிராத வீடுகளில்கூட அந்த நோட்ஸ் இருக்கும். வேடிக்கைதான்.

மேக்கப் அறையைப் பற்றி அதில் எழுதியிருப்பது அவருடைய நகைச்சுவைக்கு நல்ல உதாரணம். ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் மேக்கப் இலாகா. தலைமைக்கு முதலில் ஒரு வங்காளி, பிறகு ஒரு மராட்டியர். அவருக்கு உதவியாகத் தார்வாட் கன்னடர், ஆந்திராக்காரர், சென்னைக் கிறிஸ்தவர், ஆங்கிலோ-பர்மியர், அப்புறம் வழக்கமான தமிழர்கள். தேசிய ஒருமைப்பாடு என்று வானொலி பிரசாரம் செய்வதற்கு முன்பே அங்கே அது நடந்துவிட்டது என்கிறார். எல்லாரும் கூடி, பார்க்க லட்சணமாக இருக்கும் ஆளையும் பேன்கேக் என்ற மேக்கப் பூச்சைப் பூசி விகாரமாக்கிவிடுவார்கள். கூட்டக் காட்சி இருக்கிற நாளில், நாற்பது வயது 'ஆபீஸ் பாய்' ஒருவர் பெயின்ட் அடிப்பதுபோல வாளியும் கையுமாக வரிசையாகப் பூசிக்கொண்டே போவார். அந்த மனிதர் நடிகராகவோ டைரக்டராகவோ கவிஞராகவோ ஆக வேண்டும் என்று வந்தவர். தன் வாழ்க்கை வீணாய்ப் போனதற்கு, ஸ்டூடியோவில் வாசனுக்கு வலதுகையாக இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்று நம்பினார்.

இந்த அறை அரட்டையிலிருந்து, சத்தமே இல்லாமல், உலக அரசியலுக்குப் போய்விடுகிறது கட்டுரை. 1952இல் எம்.ஆர்.ஏ. என்ற ஒழுக்கப் புத்தெழுச்சி இயக்கத்தின் நாடகக் குழு இருநூறு பேரோடு ஸ்டூடியோவுக்கு வருகிறது. பின்னணியில் இருந்தது கம்யூனிச எதிர்ப்பு. ஸ்டூடியோ ஆட்களுக்குப் பிடித்ததோ அவர்கள் மேடையில் காட்டிய சூரியோதயம். பல வருஷம் தமிழ் நாடகங்களில் அதே சூரியோதயம் வந்துகொண்டே இருந்தது. இன்னொரு நாள் ஓர் ஆங்கிலக் கவிஞர் வந்து பேசுகிறார். அவர் உச்சரிப்பு யாருக்கும் புரியவில்லை, அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியவில்லை. அவர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்பது வெகு நாள் கழித்து, ஒரு பத்திரிகையில் ஆசிரியர் பெயரைப் பார்த்தபோதுதான் பிடிபடுகிறது. ஏன் வந்தார் என்ற புதிர் அவிழ்வது இன்னும் கொஞ்சம் தள்ளி. மவுண்ட் ரோடு தபாலாபீஸ் எதிரே நடைபாதையில் ஐம்பது பைசாவுக்கு விற்ற ஒரு மலிவுப் பதிப்பில். கம்யூனிசத்தை நம்பி ஏமாந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள் அதில் இருந்தன, ஆறு பேரில் ஒருவர் ஸ்பெண்டர். பனிப்போர் தமிழ்நாட்டுக்குள் எப்படி நடமாடியது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்தக் கட்டுரையைத்தான் கையில் கொடுப்பேன்.

அதே ஸ்டூடியோ வாழ்க்கைதான் 'கரைந்த நிழல்கள்' நாவல். 1969இல் வந்தது. சினிமா பற்றிய நாவல் என்று எடுத்துப் போனவர்கள் எல்லாரும் என்னிடம் ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். நட்சத்திரக் கிசுகிசு கிடையாது. விடியற்காலையில் யூனிட்டை வேனில் ஏற்றி வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜனிடம் ஆரம்பிக்கிறது. யாருக்கு டிபன் வந்தது, யாரை எழுப்ப வேண்டும், எந்த வண்டி வரவில்லை. இப்படி ஒரு ஆளைப் பின்தொடர்ந்து பழகும்போதே அவரை விட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்தில் வேறொரு ஆளிடம் போய்விடுவார். நடராஜன் என்ன ஆனார் என்பது பின்னால் பேச்சுவாக்கில் ஒரு வரியில் வரும். கவனக்குறைவாகப் படித்தால் அந்த வரி தவறிவிடும். படித்தவர்களுக்கோ அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கதாநாயகனே இல்லாமல் ஒரு நாவலை இவ்வளவு இறுக்கமாக நிறுத்தியதைத் தமிழில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

நாவல் பெரிதாகத் தோன்றினால் 'புலிக்கலைஞன்' படியுங்கள். ஸ்டூடியோவின் கதை இலாகா, மதிய இடைவேளை முடிந்த மந்தமான நேரம். வேலை கேட்டு டகர் பாயிட் (டைகர் ஃபைட்) காதர் என்று ஒருவர் வருகிறார். என்ன தெரியும் என்றால் புலி வேஷம் கட்டத் தெரியும் என்கிறார். அலுப்போடு, சரி காட்டு என்கிறார்கள். அந்த அறையிலேயே புலியாகிவிடுகிறார். சாமான்கள் நிரம்பிய மேஜை மேல் தாவுகிறார், ஒரு பொருளும் அசைவதில்லை. அறையில் இருப்பவர்களுக்கு நிஜமாகவே அடிவயிறு கலங்குகிறது. ஆட்டம் முடிகிறது, அடுத்த நிமிடம் அங்கே நிற்பது சாப்பிட்டு நாளாகிவிட்ட ஏழை, காலில் விழுந்து கெஞ்சுகிறார். அப்புறம் அவருக்கு வாய்ப்பு வந்ததா என்பது கதையின் மீதி. ஒரு கலைஞனின் பெருமையையும் பசியையும் ஒரே அறையில், ஒரே ஆள் மேல், பத்து நிமிட இடைவெளியில் வைத்த கதை அது.

'மானசரோவ'ரும் சினிமா உலகம்தான். சத்யன்குமார் என்ற ஹிந்தி நட்சத்திரம், கோபால் என்ற தமிழ்க் கதாசிரியர். ஆனால் அதன் கவலை வேறு, ஆன்மிகத்தின் ஓரத்தில் நடக்கிற நாவல். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுத்தால் இவர் யார் என்று தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

மூன்றாவது, தி.நகர். வேலையை விட்டபின் அவர் பெரும்பாலும் எழுதியது நடேசன் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து. வீட்டில் இடம் போதாது. டெல்லியிலிருந்து கஸ்தூரிரங்கன் நடத்திய 'கணையாழி'யின் ஆசிரியர் பொறுப்பையும் சென்னையிலிருந்தபடி நீண்ட காலம் சுமந்தார். 'தண்ணீர்' அந்தப் பத்திரிகையில்தான் தொடராக வந்தது, 1973இல் புத்தகமானது.

என் லைப்ரரியில் அவருடைய புத்தகங்களிலேயே ஓய்வில்லாமல் வெளியே போனது இது ஒன்றுதான். எடுத்துப் போனவர்கள் பெரும்பாலும் தெருப் பெண்கள். மெல்லிய புத்தகம், ஒரு நாள் வாடகையில் முடித்துவிடலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஓர் அம்மா சொன்னார்: "பம்ப் அடிக்கத் தெரிஞ்சவர் எழுதியிருக்கார்."

நிஜமாகவே அப்படித்தான். சென்னைப் பழைய வீட்டு அடிபம்பு காய்ந்துபோனால் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித்தான் அடிக்க வேண்டும், அப்போதுதான் வாஷர் பிடிக்கும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும். அந்த ஒரு சொம்பையும் குடித்துவிட்டு வெறும் காற்றை விடும் பம்புகளை அறுபதுகளின் கடைசிப் பஞ்சத்தில் ஊரே பார்த்தது. நாவலில் ஜமுனா ஒரு தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறாள். சினிமா நடிகையாகும் ஆசையில் பாஸ்கர் ராவ் என்பவனிடம் ஏமாந்தவள். தங்கை சாயா வேலைக்குப் போகிறாள், அக்காவைச் சகிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தெருவே குடத்தோடு அலைகிறது. குழாய் போடத் தோண்டிய பள்ளங்கள் மூடப்படாமல் கிடக்கின்றன. கடைசியில் குழாயில் தண்ணீர் வருகிறது, சாக்கடை கலந்து. ஜமுனா சாக முயன்று, அது தடைபட்ட ஒரு நேரத்தில், அதே தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் கல்யாணத்தின் கதையைச் சொல்கிறாள். சின்ன வயதில் தன்னைவிட எத்தனையோ மூத்தவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். இருமும் கணவன், வீட்டில் மாமியார், காலையில் பள்ளிக்கூடம், அதற்கு முன்னால் தண்ணீர். ஆறுதலாக ஒன்றும் சொல்வதில்லை, தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். ஜமுனா எழுந்திருக்கிறாள்.

2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது எங்கள் தெரு மறுபடி அந்த நாவலாயிற்று. லைப்ரரியை அதற்குள் மூடிவிட்டேன். லாரி வரும் நேரம் தெரியாது என்பதால் பச்சை, நீல பிளாஸ்டிக் குடங்கள் ராத்திரியே வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்கு ஒரு துணித்துண்டு. யாருடைய குடம் முன்னால் நகர்ந்தது என்று விடிகாலை மூன்று மணிக்குச் சண்டை. சண்டை போட்ட இருவரும் லாரி கிளம்பியபின் ஒருவர் குடத்தை இன்னொருவர் இடுப்பில் ஏற்றிவிட்டார்கள். இதையும் அவர் எழுதியிருக்கிறாரோ என்று உள்ளே வந்து புரட்டிப் பார்த்தேன்.

சென்னைப் பேட்டைகளைப் பற்றிய 'ஒரு பார்வையில் சென்னை நகரம்', மற்றும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. சைக்கிள், சினிமா கொட்டகை, நூலகம், பழைய புத்தகக் கடை, சந்தித்த மனிதர்கள். நேராகச் சொன்னால், இவற்றில் திரும்பச் சொன்னவை நிறைய. ஒரே சம்பவம் மூன்று கட்டுரையில் வரும். பத்திரிகை கேட்டது, எழுதிக் கொடுத்தார், குடும்பம் நடக்க வேண்டும். தொடர்ந்து படிக்காமல் நடுநடுவே ஒன்று என்று படித்தால் சலிக்காது.

மற்றவை வேகமாக. 'ஒற்றன்' அயோவா நாட்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில், அவர்களோடு குளிரில் மாட்டிக்கொண்ட ஒரு தமிழர். எத்தியோப்பிய எழுத்தாளர் அபே குபேக்னாவோடு நடக்கும் சண்டையும் சிநேகமும் எனக்கு மிகப் பிடித்தவை. பயணக் கட்டுரையா நாவலா என்று அதையும் கேட்பார்கள், பதில் சொல்லாதீர்கள். 'இன்று' நெருக்கடி நிலைக் காலம். துண்டு துண்டாக எழுதியதில் சில துண்டுகள் ஒட்டவில்லை என்பது என் அபிப்பிராயம். 'ஆகாயத் தாமரை'யில் வேலை போன இளைஞனின் அலைச்சல் உண்மையாக இருக்கிறது, முடிவு அவ்வளவு உண்மையாக இல்லை. 'யுத்தங்களுக்கிடையில்' 2010இல், வயதான காலத்தில் எழுதிய குடும்பக் கதை, ஏராளமான பெயர்கள். பக்கத்தில் ஒரு காகிதம் வைத்து வம்சாவளி எழுதிக்கொண்டே படித்தேன்.

சரி, எதில் தொடங்குவது? நாவலில் தொடங்காதீர்கள். 'எலி' என்று ஒரு சிறுகதை. வீட்டில் எலித் தொல்லை. கணேசன் பொறி வைக்க வேண்டும், உள்ளே மாட்ட வீட்டில் ஒன்றும் இல்லை. ராத்திரியில் வடை வாங்கக் கிளம்புகிறார். வழியில் ஒரு கூட்டம், பேச்சாளர் நிக்சனில் ஆரம்பித்து வரிசையாகத் தலைவர்களுக்கெல்லாம் சவால் விட்டுக்கொண்டிருக்கிறார். கணேசன் அதைக் காதில் வாங்கியபடி வடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பொறியில் மாட்டுகிறார். எலி விழுகிறது. காலையில் அதைத் தெருவில் கொண்டுபோய்த் திறந்துவிடுகிறார். அதற்கு அப்புறம் நடப்பதை நான் சொல்லக் கூடாது. சில பக்கங்கள்தான், இன்றைக்கு ராத்திரியே முடித்துவிடலாம்.